சோற்று வண்டி

பதினாறு சமையல்காரர்களை ரப்பரால் அழித்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு பீரங்கிகளை எழுதினாள் கெர்ட்ரூட். அப்பாவின் கையெழுத்தைப் போலவே சற்றுச் சாய்த்து எழுதினாள். அப்பா ரபேல் உள்ளே கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இருதயம் ரொம்பக் களைத்துவிட்டது, இனி நாள் கணக்குத்தான் என்று டாக்டர் வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தார். அவரைச் சண்டை சச்சரவு இல்லாமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னார். பாவம், ஞாயிற்றுக்கிழமை யுத்தத்தைப் பற்றி டாக்டருக்கு ஒன்றும் தெரியாது.

ரபேல் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஸ்டோர் கிளார்க். தண்டவாளம் போடும் ஆட்களுக்கு அரிசியும் கருவாடும் அனுப்பிவைப்பது அவர் வேலை. கிள்ளான் ஸ்டேஷனில் வேலை பார்க்கும் தம்புசாமி ஞாயிறுதோறும் ரயிலேறி வருவார். ஆறு வருஷமாக இருவரும் சாப்பாட்டு மேசையில் போர் நடத்திவந்தார்கள். பழைய வரைபடத் தாளின் பின்பக்கத்தில் ஆறும் பாலமும் ஊரும் வரைந்திருக்கும். வர்ணம் பூசிய கித்தாக் கொட்டைகள், ரப்பர் மரத்து விதைகள்தான் சிப்பாய்கள். நூல்கட்டைகள் பீரங்கிகள், தீப்பெட்டிகள் சோற்று வண்டிகள்.

இல்லாத நாட்டுக்கு இருக்கிற படையை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் இரண்டு பேருக்கும் வாரமெல்லாம் யோசனை ஓடும். ஆளுக்கு நூறு பேர்; எதற்கு எத்தனை பேர் என்று ஆட்டத்துக்கு முன்பே பட்டியல் எழுதிவிட வேண்டும். ஒரு பீரங்கிக்கு எட்டுப் பேர் வேண்டும், ஒரு வண்டிக்கு நாலு சமையல்காரர்கள். தம்புசாமி ஐந்து பீரங்கிகளும் பேருக்கு ஒரு வண்டியும் வைத்துக்கொள்வார். ரபேலிடம் ஒரே பீரங்கி, நாலு வண்டி. ஆறு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட அவர் ஜெயித்ததில்லை.

"சண்டைக்குப் போறீங்களா, பந்தி போடப் போறீங்களா?" என்று அம்மா வெரோனிகாவே கேட்டிருக்கிறாள்.

இந்த ஒரு தடவையாவது அப்பா ஜெயித்துவிட வேண்டும். கெர்ட்ரூடுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கான்வென்ட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள், கூட்டிப் பார்த்தாள். சரியாக நூறு வந்தது.

மறுநாள் பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, பட்டியல்கள் கைமாறின. மாறிய பிறகு திருத்தக்கூடாது என்பது அவர்கள் சட்டம். அவள்தான் மேசையில் அப்பாவின் நீலக் கொட்டைகளை அடுக்கினாள். ரபேல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று நூல்கட்டைகளைப் பார்த்தார். தீப்பெட்டி ஒன்றுகூட இல்லை. மகளை ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன ரபேலு, சோத்து வண்டி எங்க?" என்றார் தம்புசாமி.

"இந்தத் தடவ பீரங்கிதான் லா," என்றார் ரபேல். "நான்தான் மாத்துனேன்."

முதல் முறையில் தம்புசாமியின் பீரங்கி ஒன்று கவிழ்ந்தது, இரண்டாம் முறையில் இன்னொன்று. ரபேல் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது, இருமிக்கொண்டே சிரித்தார். கெர்ட்ரூடுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மூன்றாம் முறையில் பாலத்தைக் கடக்க நீலப்படையை அவள் நகர்த்தப் போனாள். அப்பா அவள் கையைத் தடுத்தார்.

"நவுராதுமா. ரெண்டு முறை சாப்பிடலன்னா மூணாவது முறை படை நிக்கணும். சுடவும் முடியாது."

அப்படி ஒரு சட்டம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. தெரிய வழியுமில்லை. அப்பாவின் படை என்றைக்காவது பட்டினி கிடந்திருந்தால்தானே. அப்பாவின் கடைசிப் படையைத் தெரியாமல் தான்தான் பட்டினி போட்டுவிட்டது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"ஒன் முறை தம்பு," என்று சாய்ந்துகொண்டார் ரபேல். "நல்லா யோசிச்சு ஆடு."

தம்புசாமி யோசித்தார். மூன்று பீரங்கிகள் இன்னும் மிச்சம். ஒரே முறையில் முடித்துவிடலாம், ஆனாலும் வெகுநேரம் யோசித்தார். கடைசியில் நிமிர்ந்து, "ரபேலு," என்றார். பிறகு எழுந்துபோய் அவர் கையைத் தொட்டுப் பார்த்தார்.

சவப்பெட்டி வைக்க முன்னறை வேண்டியிருந்தது. மேசையைத் தூக்க வந்த அக்கம்பக்கத்து ஆட்களிடம், "ஒரு கொட்டகூட அசையக்கூடாது," என்று வெரோனிகா அழுதுகொண்டே சொன்னாள். நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பின்னறைக்குக் கொண்டுபோனார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அடக்கம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு, தம்புசாமி பின்னறையில் அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கெர்ட்ரூட் கோப்பியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அங்கிள், பட்டியல நான்தான் மாத்துனேன். அப்பா இல்ல."

"தெரியும்மா. சோறில்லாம ஒரு ஆள வெளிய அனுப்புறவனா ஒங்கப்பன்?"

"அப்பா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அழுதிருப்ப." கோப்பியை ஒரு மிடறு குடித்தார். "ரெண்டு பீரங்கி கவுந்தப்ப அவன் மூஞ்சியப் பாத்தீல்ல? ஆறு வருசத்துல அப்படி ஒரு சிரிப்ப நான் பாத்ததில்ல."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவிட்டார்.

பிறகு, "என் முறை இன்னும் பாக்கி இருக்கு," என்றார்.

பீரங்கியைத்தான் எடுப்பார் என்று நினைத்தாள். அவர் தம் படையின் பின்னாலிருந்த ஒரே தீப்பெட்டியை எடுத்தார். எதிர்க்கரையில் நீலக் கொட்டைகள் போட்டது போட்டபடி நின்றன. வண்டிக்கு ஒரு முறைக்கு ஆறு அங்குலம்தான். ஸ்கேலை வைத்து ஒரு நூலும் பிசகாமல் அளந்து, நீலப்படையை நோக்கி நகர்த்தினார். தீப்பெட்டி பாலத்துக்குப் போகும் பாதி வழியில் நின்றது.

"மிச்சம் அடுத்த ஞாயித்துக்கெழம," என்று சொல்லிவிட்டு, கிள்ளான் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று குடையைத் தேடினார்.