இரண்டாம் குரல்

"இது தூசி இல்ல தங்கச்சி. மோந்து பாரு."

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் விட்டு எடுத்த பிரஷ்ஷை மெக்கானிக் அவளிடம் நீட்டினார். அதன் முடிகளில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. மோந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. அவர் கையை நீட்டும்போதே வாசனை வந்துவிட்டது. இரண்டு மாதமாக இந்த அறை முழுக்க அந்த வாசனைதான்.

"பவுடரா?"

"பவுடர்தான். ஃபேன் சுத்தச் சுத்த உள்ள இழுத்துக்குது. இங்க பாரு, தகடு இடுக்கெல்லாம் மாவு மாதிரி அடைச்சுக் கெடக்கு. சூடு வெளிய போக வழியில்ல. அப்புறம் பொட்டி ஆமையா ஊராம என்ன செய்யும்?"

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த அவள் கணவன் தலையை மட்டும் தூக்கினான். "நான் முதுகுல போட்டுக்கறத அதுவும் போட்டுக்குதாக்கும். பரவால்ல, அதுக்கும் புண்ணு வராது."

"நீ கம்முனு கெட மாப்ள. நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

தெருமுனையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரும் பழுது பார்க்கிற மெக்கானிக்குக்கு அவள் தங்கச்சி என்றால், அவள் கணவன் மாப்பிள்ளைதானே. அவன் வெல்டர். ஒரு கிடங்கின் கூரையில் வேலை செய்தபோது ஏணி சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. உள்ளே தகடு வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பியபோது நர்ஸ் சொன்னது இரண்டே விஷயம்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முதுகை ஈரமில்லாமல் துடைத்துப் பவுடர் போட வேண்டும். இரண்டையும் செய்துகொண்டுதான் இருந்தாள். அப்படியும் நடுமுதுகுக்குக் கீழே பொத்தான் அளவில் ஒரு புண் வந்திருந்தது.

மணி ஏழே முக்கால். ஒன்பது மணிக்குள் பெட்டி எண்பது மதிப்பெண் வாங்கியாக வேண்டும். நேற்று மாலை வாங்கியது அறுபத்து நான்கு.

மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். பெட்டி அவளுடையதாக இருக்க வேண்டும். நோயாளிகளின் ரகசியம் என்பதால் கம்பெனி அதற்குள் ஒரு கண்காணிப்பு புரோகிராமைப் போட்டு வைத்திருந்தது. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. வேலை செய்கிறவர்கள் அதை மாமியார் என்றார்கள். காலையிலும் மாலையிலும் பெட்டியை ஒவ்வொன்றாக நோண்டிப் பார்க்கும். அப்டேட் போட்டிருக்கிறதா, ஆன்டி வைரஸ் விழித்திருக்கிறதா, பாஸ்வேர்டுக்கு முப்பது நாள் ஆகிவிட்டதா, சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு. மதிப்பெண் எண்பதுக்குக் கீழே போனால் வேலைக்குள் நுழையும் கதவு திறக்காது. திறந்த பிறகு வேலை நேரம் முழுக்க மைக்கும் கேமராவும் விழித்திருக்கும். போன வாரம் அவன் தூக்கத்தில் முனகியிருக்கிறான். ஐந்து நிமிடத்தில் கடிதம் வந்துவிட்டது: "இரண்டாம் குரல் கண்டறியப்பட்டது. இது இறுதி எச்சரிக்கை." இன்று ஒன்பது மணிக்குக் கேமரா வழியாக அறைச் சோதனை.

மெக்கானிக் பக்கவாட்டு மூடியை மாட்டி, பெட்டியை உயிர்ப்பித்தார். திரையைப் பார்த்துக்கொண்டே உச்சுக்கொட்டினார்.

"ரெண்டு ஆன்டி வைரஸ் ஓடுதே, ஏன்?"

"ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா நல்லதுன்னு நெனச்சேண்ணே."

"ஒரே வாசல்ல ரெண்டு நாயக் கட்டினா திருடனையா கடிக்கும்? ஒண்ணையொண்ணுதான் கடிச்சுக்கும்." ஒன்றை நீக்கினார். "வெல்டர்னு தனியா ஒரு அக்கவுண்ட் இருக்கே. இது வேற யாராவது பொழங்குறாங்கன்னு கணக்காகும்."

"அது என்னோடது," என்றான் அவன். "பைப் வெல்டிங் வீடியோ எல்லாம் சேத்து வெச்சிருக்கேன். எழுந்ததும் அந்தப் பரீட்சை எழுதலாம்னு."

"மாமியாருக்குப் பிடிக்காது மாப்ள."

"எந்த மாமியாருக்கு மருமகனைப் பிடிச்சிருக்கு? தூக்கிரு."

"பென் டிரைவ்ல போட்டுத் தந்துடுறேன்."

"போடு. எதுல போட்டுப் பாக்கறதுன்னு அப்புறம் யோசிச்சுக்கலாம்."

அப்டேட் ஓடத் தொடங்கியது. நிறுத்த வேண்டாம், அணைக்க வேண்டாம் என்று நீலத் திரை சொன்னது. பதினொன்று சதவீதம். அவள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு. இந்த அப்டேட்டை அவள் மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டு வந்திருந்தாள். வேலை நேரத்தில் போட்டால் சும்மா இருந்த நேரமாகக் குறிக்கப்படும். வேலை முடிந்ததும் அவனைத் துடைத்து, புரட்டி, துணி மாற்றி, சமைத்து நிமிரும்போது பெட்டியை அணைத்தால் போதும் என்றிருக்கும்.

"இன்னைக்குத் தேறிரும்," என்றார் மெக்கானிக், கட்டிலைப் பார்க்காமல். "ஆனா பவுடர் இந்த ரூமுல பறந்துச்சுன்னா பத்து நாள்ல மறுபடி இதே கதைதான். அப்ப ஃபேன் தாங்காது, போர்டே போயிரும்."

"துணி போட்டு மூடி வெச்சா?"

"மூச்சு முட்டிச் சாவும்."

"பவுடர நிறுத்திட்டா?"

அவர் அறையைக் கண்ணால் அளந்தார். கட்டிலுக்கும் கம்ப்யூட்டர் மேசைக்கும் இடையே ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவுக்குத்தான் இடம் இருந்தது.

"மேசைய அடுப்படிக்கு நகத்தினா என்ன?"

"முடியாதுண்ணே. இந்தச் சுவர், இந்த மேசைன்னு போட்டோ எடுத்துப் பதிஞ்சு வெச்சிருக்காங்க. மாத்தணும்னா புதுசா எழுதிப் போடணும். ஆறு வாரம் ஆகுமாம். டீம் லீடர்கிட்ட இவரு நிலைமையச் சொன்னேன். அதெல்லாம் உங்க சொந்த விஷயம், மேலே கொண்டு போக முடியாதுன்னுட்டாரு."

"ஆறு வாரம் வேலை?"

"கெடையாது."

நாற்பத்து மூன்று சதவீதம். தெருவில் தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வரும் ஓசை கேட்டது. 

"கம்ப்யூட்டரை நகத்த முடியாது, சரி," என்றான் அவன். "என்னை நகத்தலாம்ல? என் போட்டோவ எங்கயும் பதிஞ்சு வெக்கலையே."

அவள் திரும்பினாள். "அடுப்படியிலயா?"

"ஏன், அடுப்படிக்கு என்ன? பவுடர் வராது, என் சத்தமும் வராது. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

"தரை சில்லுனு இருக்கும்."

"மெத்தை இருக்கு."

"நீங்க கூப்பிட்டா எனக்குக் கேக்காது."

"கேக்கக் கூடாதுன்னுதானே போறேன்."

கட்டில் அடுப்படி வாசலில் நுழையாது என்பது மெக்கானிக் அளந்து பார்க்காமலே தெரிந்தது. மெக்கானிக் அவனைத் தாங்கிப் பிடிக்க, அடியிலிருந்த மெத்தையை உருவி எடுத்துப் போய், சமையல் மேடைக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவில் விரித்தாள். ஒரு ஓரம் டிரம்மில் முட்டி மேலே மடங்கி நின்றது. அவனைப் படுக்கை விரிப்போடு தூக்கினார்கள். தலைப்பக்கம் மெக்கானிக், கால்பக்கம் அவள்.

"என்னை அன்இன்ஸ்டால் பண்றீங்களா மச்சான்?"

"சேச்சே. வேற டிரைவுக்கு மாத்துறோம்."

வாசல் சட்டத்தைத் தாண்டும்போது அவன் பாதம் இடித்தது. மெக்கானிக் "ஐயோ" என்றார். அவன் விரிப்பின் ஓரத்தைப் பல்லில் கடித்திருந்தான். கழுத்து நரம்பு புடைத்து, மெல்ல அடங்கியது. சத்தம் வரவில்லை. விரிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பாத்தியா," என்றான் அவளிடம். "பாஸாயிட்டேன்."

சுவரைப் பார்க்க அவனைத் திருப்பிப் படுக்க வைத்தாள். சட்டையைத் தூக்கி முதுகைத் துடைத்து, புண்ணில் மருந்து வைத்தாள். துணி போட்டு மூடினால் ஈரம் கோர்த்துக்கொள்ளும், காற்றாடத் திறந்தே விடு என்று, புண் வந்த பிறகு போனில் கேட்டபோது நர்ஸ் சொல்லியிருந்தாள். குழாய் செருகிய தண்ணீர் பாட்டிலையும் சிறுநீர்ப் பாட்டிலையும் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

"பதினொன்றரைக்கு எனக்குப் பத்து நிமிஷம் இடைவேளை. வந்து புரட்டி விடுறேன். அதுவரைக்கும்..."

"வாயத் தொறக்க மாட்டேன். கல்யாணம் ஆனதுலேருந்து பழக்கம்தானே."

எட்டு நாற்பதுக்குப் பெட்டி மறுபடி உயிர்பெற்றது. மாமியார் ஒவ்வொரு பெட்டகமாகத் திறந்து பார்ப்பதுபோல் திரையில் வரிகள் ஓடின. தொண்ணூற்று ஒன்று. மெக்கானிக் தன் பையை எடுத்துக்கொண்டு, அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து, "வரேன் மாப்ள," என்று உதட்டை மட்டும் அசைத்தார். வெளிக்கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

சரியாக ஒன்பதுக்கு அழைப்பு வந்தது. முகம் தெரியவில்லை. இளம் பெண்ணின் குரல் மட்டும்.

"குட் மார்னிங் மேடம். கேமராவை மெதுவா வலது பக்கம் சுத்துங்க. இன்னும் மெதுவா. அங்க நிறுத்துங்க. கட்டில்ல மெத்தை இல்லையே மேடம்?"

"காயப் போட்டிருக்கேன்."

"யார் படுக்கற கட்டில் மேடம் அது?"

"நான்தான்."

"வேலை நேரத்துல இந்த ரூமுல வேற யாராவது இருப்பாங்களா?"

"இல்ல. இந்த ரூமுல நான் மட்டும்தான்."

மறுமுனையில் விசைகள் தட்டப்படும் ஒலி. 

"அந்தக் கதவு எங்க போகுது?"

"அடுப்படி."

"பூட்டியிருக்கா?"

"சாத்தியிருக்கு."

"தாழ்ப்பாள் போடணும் மேடம். போட்டுக் காட்டுங்க."

அவள் எழுந்து போனாள். தாழ்ப்பாள் நீண்ட நாளாகப் போடாததால் துருப்பிடித்து இறுகியிருந்தது. உள்ளங்கையால் இரண்டு முறை அடித்ததும் இறங்கியது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"தேங்க் யூ மேடம். இனிமே ஷிஃப்ட் முழுக்க அந்தத் தாழ்ப்பாள் கேமராவுல தெரியணும். தெறந்திருந்தா அது தானாவே குறிச்சுக்கும். இடைவேளையில மட்டும் தெறக்கலாம். வேற ஏதாவது சந்தேகம் இருக்கா மேடம்?"

"இல்ல."

"இன்னைக்கு நாள் இனிமையா அமையட்டும்," என்றது குரல், வாசிப்பதுபோல.

முதல் பதிவு முழங்கால் வலிக்காரர் ஒருவருடையது. இரண்டாவது நீண்டது. அந்த மருத்துவர் எப்போதும் வீட்டிலிருந்துதான் பேசுவார். அவர் பேச்சுக்குப் பின்னால் நாய் குரைக்கும். ஏதோ குழந்தை அழும். மருத்துவர் இருமினால் எழுதக் கூடாது, குழந்தை அழுதால் எழுதக் கூடாது, அவர் சொல்வதை மட்டும் எழுத வேண்டும் என்பது விதி. இன்று யாரோ ஒரு பெண் அவரைச் சாப்பிட வரச் சொன்னாள். "தோ வரேன்," என்றார் மருத்துவர். நாற்காலி நகர்ந்தது. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு தட்டில் கரண்டி பட்டது, யாரோ சிரித்தார்கள். நான்கு நிமிடம் கழித்து அவர் திரும்பி வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட வாக்கியத்திலிருந்து தொடர்ந்தார். அந்த நான்கு நிமிடமும் அவள் சும்மா இருந்ததாகக் குறிக்கப்படாமல் இருக்க இடைவெளி விசையைத் தட்டி, பிறகு அழித்து, மறுபடி தட்டிக்கொண்டிருந்தாள்.

மணி பத்து ஐம்பது. வெயில் ஜன்னல் வழியாக வந்து வெறும் கட்டில் பலகைமேல் விழுந்திருந்தது. வலது காதிலிருந்து ஹெட்போனைச் சற்றே தள்ளி வைத்திருந்தாள்.

"ஏம்மா."

அவள் விரல்கள் நின்றன. திரையின் ஓரத்தில், மைக்கில் சத்தம் விழுந்தால் சிமிட்டும் பச்சைப் புள்ளி அசையாமல் இருந்தது. அவ்வளவு மெல்லத்தான் கூப்பிட்டிருந்தான். ஒருவேளை கூப்பிடவே இல்லையோ. திரைக்குள் திரையாக இருந்த சிறு சதுரத்தில் அவள் முகமும், தோளுக்குப் பின்னால் தாழ்ப்பாளும் தெரிந்தன. நோயாளிக்குப் பசி நன்றாக இருக்கிறது, தூக்கம் நன்றாக இருக்கிறது என்றார் மருத்துவர். தட்டினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று விழுந்து உருண்டது. துணி உரசியது. நின்றது. மறுபடி உரசியது.

"ஏம்மா. எறும்பு வருது."

இம்முறை பச்சைப் புள்ளி ஒரு தடவை சிமிட்டியது. அவள் உரக்க இருமினாள், அது தன் சத்தம்தான் என்று கணக்காகும்படி. விரல்களை விசைகளிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த வாக்கியம் எது என்று தெரியாமல் முந்திய வாக்கியத்தையே திரும்ப அடித்தாள்.

 பிறகு கதவின் அடி இடுக்கிலிருந்து, தரையில் வாயை வைத்துப் பேசுவதுபோல அந்தக் குரல் வந்தது.

"முதுகுப் பக்கம் போகுதும்மா. கை எட்டல. ஒரே ஒரு நிமிஷம் வந்து தட்டி விட்டுட்டுப் போயேன்."