கொடிமேடையில் கல்யாண மேளம்

நெட்டூரணியில் தேசிய கீதம் தொடங்கிய பிறகுதான் ஆவணி பிறந்தது. ஆவணியும் வந்து மைதானத்து ஓரமாக விறைப்பாக நின்றுகொண்டது. சும்மா சொல்லக்கூடாது, அந்த ஊர் ஜனத்துக்கு இருக்கிற மரியாதை வேறெந்த ஊருக்கும் வராது.

நடந்தது இதுதான். சுதந்திர தினத்தன்று காலையில் ஒலிபெருக்கி மண்டையைப் போட்டது. தாசில்தார் வந்து இறங்கிவிட்டார். கொடி ஏறியாக வேண்டும். பக்கத்து மண்டபத்தில் கல்யாணத்துக்கு வாசித்துவிட்டுப் புறப்பட்ட பிச்சாண்டியின் நாதஸ்வர செட்டைக் கையோடு கூட்டிவந்தார்கள்.

பிச்சாண்டி கீதத்தை வாசித்தார். அடடா, என்ன வாசிப்பு! கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது. முடிக்க வேண்டிய இடம் வந்தது. அவர் முடிக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து பிடித்தார்.

கல்யாண மேளத்துக்கு ஒரு முறை உண்டு. விசேஷ வீட்டார் கையைத் தூக்கிப் போதும் என்று காட்ட வேண்டும். மேளம் தானாக நின்றால் அந்த வீட்டுக்கு ஆகாது. பிச்சாண்டி கைக்காகக் காத்திருந்தார். கீதம் ஒலிக்கும்போது எவன் கையைத் தூக்குவான்? எல்லார் கையும் தொடையோடு ஒட்டியிருந்தது.

கீதத்தின் நடுவே பேசக்கூடாது. ஒரு சுற்று முடிந்து பிச்சாண்டி மூச்சு இழுக்கும் இடைவெளியில் ஒருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளலாம்.

"விசேஷ வீட்டார் யாருங்க?" என்று தவில்காரர் கேட்டார்.

ஒரு சுற்று போயிற்று.

"அரசாங்கம்," என்றார் தாசில்தார்.

இன்னொரு சுற்று.

"அவுக எப்ப வருவாக?"

அடுத்த சுற்று முடிந்து தாசில்தார், "எழுதிப் போடணும்," என்றார். எழுதுவதற்கும் கை வேண்டும்.

கூட்டத்தின் நடுவில் உலகம்மாள் நின்றாள். வீட்டில் அவள் புருஷன் வேலாண்டி படுத்த படுக்கையாகக் கிடந்தார். லாரி ஓட்டியவர். கீதத்தில் வரும் ஊர்ப்பக்கமெல்லாம் சுமை ஏற்றிப் போய் வந்தவர். லாரி கவிழ்ந்து இடுப்பு போனதிலிருந்து எழுந்து நின்றதில்லை. இனி நிற்கவும் மாட்டார் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு கொடியேற்றத்துக்கும், "எனக்கும் சேத்து நீ நின்னுட்டு வா," என்று அவளை அனுப்பிவைப்பார்.

வந்து கஞ்சி தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். ஆவணியே பிறந்துவிட்டது. மனிதர் கஞ்சி குடிக்கவில்லை. புரட்டிப் படுக்க வைக்கவும் ஆளில்லை. 

பக்கத்தில் நின்ற மரியபுஷ்பம் உதடு அசையாமல் சொன்னாள். "யக்கா, நீங்க போயிருங்க."

சுற்று முடிந்தது. "எப்பிடிட்டீ போவேன்?"

சுற்று முடிந்தது. "கால எடுத்து வைங்க."

சுற்று முடிந்தது. "எனக்கும் சேத்து நின்னியான்னு அவரு கேப்பாரே!"

உலகம்மாள் அழுதாள். கண்ணீர் தாடைவரை வந்து, கீழே விழாமல் அங்கேயே நின்றது.

ஜனம் நகரக்கூடாது என்பதால் தெரு நகர்ந்தது. தபாலாபீஸ் மைதானத்தை உரசிக்கொண்டு போயிற்று. தையல் கடை ஒதுங்கி வழி விட்டது. மாவு மில் பின்வாங்கிப் போய் வளைவில் நின்றது. ஒருவரும் கால் மாற்றவில்லை. கடைசியில் உலகம்மாளின் வீடு வந்து கொடிமேடைக்கு எதிரே நின்றது.

பிச்சாண்டி வாசலைப் பார்த்தார். எந்த வீட்டு வாசலில் மேளம் ஒலிக்கிறதோ அந்த வீட்டார்தான் விசேஷ வீட்டார். மேளக்காரருக்கு இதில் சந்தேகமே கிடையாது. நாதஸ்வரத்தை உலகம்மாள் பக்கம் திருப்பினார்.

"அம்மா, நீங்கதான் கை காட்டணும்," என்றார் தவில்காரர்.

ஒரு சுற்று கழித்து, "காட்டுங்கம்மா, நான் பாக்கல," என்றார் தாசில்தார்.

ஊரே அவள் வலது கையைப் பார்த்தது. ஆவணியும் எட்டிப் பார்த்தது. உலகம்மாளின் கை தொடையை விட்டுக் கொஞ்சம் விலகியது.

அப்போது காற்றில் கதவு திறந்தது. கட்டில் காலியாக இருந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் வேலாண்டி நின்றார். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. இடுப்புச் சாரத்தை இறக்கி ஒழுங்காகக் கட்டியிருந்தார். குதிகால் இரண்டும் சேர்ந்திருந்தன. கைகள் தொடையோடு இருந்தன. முழங்கால் நடுங்கியது. தலை நேராக இருந்தது. அவர் லாரி ஓட்டிய காலத்தில்கூட அப்படியொரு நிமிர்ந்த மனிதரை உலகம்மாள் பார்த்ததில்லை. அவளுக்கு நெஞ்சு விம்மியது. என் ராசா, என்று மனசுக்குள் கூவினாள்.

கீதம் முடிந்தால் எல்லாரும் உட்காரலாம். அது ஊரறிந்த முறை. முறை தவறாத மனிதர் அவர், உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பிறகு எழுந்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது.

சுற்று முடிந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏளா, பாட்டு முடிஞ்சிட்டா?"

பிச்சாண்டி மறுபடி வாசித்தார். அவள் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாசித்தார். தாசில்தாரின் கால் மரத்துப் போயிருந்தது. மரியபுஷ்பம் கண்ணாலேயே கெஞ்சினாள். சுற்று கடைசி இடத்துக்கு வந்தது.

உலகம்மாள் இரண்டு கையையும் தொடையோடு இறுக்கி ஒட்டிக்கொண்டாள்.

"இல்ல. நில்லுங்க."

பிச்சாண்டி மூச்சை இழுத்து, முதலிலிருந்து பிடித்தார்.