அண்ணியின் நம்பரில் ஓடும் வீடு

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவே இல்லை. ஒரு குடும்பப் பத்திரிகையில் வீட்டுக்கு உபயோகமான செயலிகளையும் சின்னச் சின்ன சாதனங்களையும் சிபாரிசு செய்து எழுதுவது என் பிழைப்பு. இந்த மாதமும் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். ‘உங்கள் வீடு தானாக இயங்க வேண்டுமா?’ என்று தலைப்பையும் ஆசிரியரே கொடுத்துவிட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டு உற்சாகமாக ஆரம்பித்தேன்.

‘எங்கள் வீடு தானாக இயங்குகிறது. தொட்டி நிரம்பினால் ஒரு கருவி செய்தி அனுப்புகிறது, மோட்டாரை நிறுத்திவிடுகிறோம். துணி துவைத்து முடிந்ததும் வாஷிங் மெஷின் கூப்பிட்டுச் சொல்கிறது. கூப்பிட்டு என்றால்’

இந்த இடத்தில் நின்றுபோனேன். யாரைக் கூப்பிடுகிறது? என்னை அது கூப்பிட்டதே இல்லை. அண்ணனையும் கூப்பிட்டதில்லை. எல்லாச் செய்தியும் அண்ணியின் போனுக்குத்தான் போகிறது. பாதியில் கிடக்கும் அந்த வாக்கியத்தை நான் அழிக்கவில்லை, முடிக்கவும் இல்லை.

2

கதை என்று ஆகிவிட்டதால் ஆட்களைச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது மாடியில் ஒரு வீடு. அண்ணன் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறான், நாள் முழுக்க மீட்டிங். அண்ணிக்கு ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். நான் வீட்டிலிருந்தே எழுதுகிறவன், அதாவது அம்மாவின் கணக்கில் வெட்டியாக இருப்பவன்.

வீட்டுக்குள் எந்தச் சாதனம் வந்தாலும் அது முதலில் கேட்பது ஒரு போன் நம்பரைத்தான். யார் நம்பரைக் கொடுப்பது என்று ஒருநாளும் பேச்சே எழுந்ததில்லை. “அவ நம்பரைக் கொடுடா, அவதான் போனை எடுப்பா” என்பான் அண்ணன். உண்மைதான். அப்படியே கேஸ், மளிகை, வாஷிங் மெஷின், தண்ணீர்த் தொட்டி, தரையைப் பெருக்கும் வட்ட ரோபோ, அம்மாவின் மாத்திரை நேரம், வாசல் பூட்டு என்று ஒவ்வொன்றாக அந்த ஒரே நம்பரில் போய்ச் சேர்ந்தன.

பிறகு, அண்ணி வேலையில் இருக்கும்போது போனில் நடந்ததெல்லாம் இப்படித்தான்:

“அண்ணி, ஓடிபி வந்திருக்கும் பாருங்க.”

“இருங்க தம்பி, கை வேலையா இருக்கு.”

“சீக்கிரம் அண்ணி, காலாவதி ஆயிடும்.”

அண்ணி கையுறையைக் கழற்றி வீசிவிட்டு* வெளியே வந்து நம்பரைப் படிப்பார். மறுபடி கை கழுவி, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போவார். அடுத்து அம்மாவின் போன் வரும். பூட்டைத் திறக்க அந்த ஆப் உள்ள போன் வேண்டும், இல்லையென்றால் அண்ணி ஒரு தற்காலிக எண் அனுப்ப வேண்டும். அம்மா நடைப்பயிற்சி முடித்துவிட்டு வாசலில் நின்றுகொண்டு, “நான்தான்மா, வெளிய நிக்கிறேன்” என்பார். உள்ளே காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நான் எழுதிக்கொண்டிருப்பேன்.

(* இதைப் படித்த அண்ணியின் ஆட்சேபம்: “நான் வீசல்லாம் மாட்டேன். அதுக்குன்னு மூடி போட்ட தனி டப்பா இருக்கு. லேப்ல வேலை பாக்குறவங்க யாராவது படிச்சா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?” திருத்தத் தெரியாமல் இல்லை. ‘வீசிவிட்டு’ என்றால் அண்ணிக்குக் கோபம் வந்த மாதிரி இருக்கிறது. எனக்கு அந்தக் கோபம் தேவைப்படுகிறது. ஆனால் அவருக்குக் கோபம் வந்ததா என்று எனக்குத் தெரியாது.)

3

அண்ணி கதைக்குள் நுழைவதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘அண்ணி பொறுமையே உருவானவர்.’ இப்படி எழுதினால் கதை அத்தோடு முடிந்தது. பொறுமையே உருவான ஆட்களுக்கு எதுவும் நடப்பதில்லை, அவர்கள் தலையில் எல்லாம் வந்து விழும், அவ்வளவுதான்.

‘அன்று அண்ணி பொங்கியெழுந்தார்.’ சுத்தப் பொய்.

‘அன்று அண்ணி சீக்கிரம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, துண்டோடு என் எதிரே உட்கார்ந்து’ என்பது நடந்தது. ஆனால் அன்று என்று எழுதுவது தப்பு. இன்று, இதோ, ஒரு மணி நேரத்துக்கு முன்னால். நான் கட்டுரையில் மாட்டிக்கொண்டு விழித்த அதே நேரத்தில்.

“தம்பி, எல்லா ஆப்லேர்ந்தும் என் நம்பரை எடுத்துட முடியுமா?”

எனக்கு வெல்லக்கட்டி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. “தாராளமா அண்ணி, புது சிம் வாங்கிட்டீங்களா?” என்றேன்.

“இல்ல. நம்பர் அதேதான். இந்த வீட்டுலேர்ந்து மட்டும் எடுக்கணும்.”

புரியவில்லை. விளக்கிச் சொன்னார். அவருடைய மருத்துவமனை வேறொரு ஊரில் புதிதாகப் பரிசோதனைக் கூடம் திறக்கிறது. அதற்கு அவரைத் தலைமையாகப் போகச் சொல்கிறார்கள். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“என்ன சொல்லப் போறீங்க?”

“அதுக்குத்தானே கேக்குறேன், நம்பரை எடுக்க முடியுமா முடியாதான்னு.”

“அதுக்கும் இதுக்கும் என்ன அண்ணி சம்பந்தம்?”

“அங்க மெஷின் எல்லாம் பெருசு தம்பி. ராத்திரி பகல்னு ஓடும். சாம்பிளைப் போட்டுட்டா நடுவுல விட்டுட்டு வர முடியாது. தொட்டி நிறைஞ்சிடுச்சுன்னு போன் வந்தா நான் என்ன செய்யட்டும்? பத்து பேரு எனக்குக் கீழ நிப்பாங்க. அவங்க முன்னாடி கேஸ்காரர்கிட்ட நம்பர் சொல்லிட்டிருக்கவா?”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“அப்பவே சொன்னேன். பாக்கலாம்னார்.”

“எப்பவே?”

“அந்த ரோபோ வந்த அன்னிக்கு. நான் சொல்லச் சொல்ல, அது சோபாவுக்கு அடியில போய் மாட்டிக்கிச்சு. எல்லாரும் அதை இழுக்கப் போயிட்டீங்க.”

எனக்கு ரோபோ மாட்டிக்கொண்டது நினைவிருக்கிறது. அண்ணி பேசியது நினைவில்லை.

4

இங்கே கொஞ்சம் கட்டுரை எழுத அனுமதியுங்கள், என் கை அதற்குத்தான் பழகியிருக்கிறது.

எந்தச் செயலியும் ஒரு நம்பரைச் சும்மா விடுவிப்பதில்லை. அந்த இடத்தில் இன்னொரு நம்பரைப் போடு என்கிறது. காலியாக விட்டுவிடு என்றால் ஒப்புக்கொள்ளாது. தானாக இயங்குகிறது என்று நாம் பெருமையாகச் சொல்லும் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மனுஷர் கையில் போனோடு நிற்க வேண்டியிருக்கிறது. ஆக அண்ணியின் கேள்வி செட்டிங்ஸ் பற்றியதே இல்லை. அவர் இடத்தில் யார் நிற்பது என்பதுதான்.

‘உடனே என் நம்பரைக் கொடுத்தேன்.’

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கொடுக்கவில்லை. எழுதும் நேரத்தில் போனை அணைத்துவைப்பேன், கவனம் சிதறும், இப்படி நியாயமான காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. அதனால் அண்ணனைப் போனில் கூப்பிட்டு, அவன் நம்பரைப் போடலாமா என்று கேட்டேன்.

“டேய், என் நம்பர் வாடிக்கையாளருக்கெல்லாம் போயிருக்கு. மீட்டிங் நடுவுல மளிகைக்காரன் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?”

“அண்ணியை மட்டும் வேலை நடுவுல கூப்பிடலாமா?”

“அவளுக்குப் பழகிடுச்சுடா. அவ நம்பருக்கு இப்ப என்ன வந்துச்சு?”

“அண்ணி வேற ஊருக்கு வேலைக்குப் போகப் போறாங்க போல.”

வருத்தப்படுவான் என்று நினைத்தேன். அவன் சொன்னான்: “சரி, போகட்டும். அங்கேயிருந்து ஓடிபி சொல்ல முடியாதா என்ன? ஓடிபிக்கு ஏதுடா தூரம்?”

(அண்ணனை நான் மோசமானவனாகக் காட்டுகிறேன் என்று தோன்றலாம். கெட்டவன் இல்லை. அண்ணிக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தைவிட்டு நகராமல் இருந்தான். அதைக் கதையில் எங்கே வைப்பது என்று தெரியாமல் இந்த அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன்.)

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அம்மாவுக்கும் கேட்டுவிட்டது. “அவ போயிட்டா நான் வாக்கிங் போகமாட்டேன், அவ்வளவுதானே” என்றார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தன்னால் முடிந்த உதவி என்று நினைத்துத்தான் சொன்னார். ஆனால் அண்ணியின் முகம் அப்படியே இறங்கிப்போனது.

அப்போதுதான் எனக்கு நினைவுவந்தது. அந்தப் பூட்டோடு ஒரு சாதாரணச் சாவியும் வந்திருந்தது. ‘அவசரத்துக்குச் சாவியும் உண்டு’ என்று விமர்சனத்தில் பாராட்டிக்கூட எழுதியிருந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பரணிலிருந்து பெட்டியை இறக்கிச் சாவியை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத்தனை நாளா இது இங்கயா கிடந்துச்சு? வெயில்ல நின்னு அவளைக் கூப்பிட்டுட்டு இருந்தேனேடா, பாவி!”

அண்ணி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதில் எது முதலில் நடந்தது என்று எனக்குக் குழப்பம்.

5

முடிவுகள். கைவசம் மூன்று வைத்திருந்தேன்.

முதலாவது: அண்ணன் ஆபீசிலிருந்து ஓடிவந்து, ‘இந்தா என் போன், எல்லாத்தையும் இதுல மாத்து. நீ போய்ட்டு வாம்மா’ என்கிறான். அண்ணி படித்துவிட்டு, “யாரு இவரு?” என்றார்.

இரண்டாவது: அண்ணி போனைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டுக் கிளம்புகிறார். “போன் என்ன பாவம் பண்ணுச்சு தம்பி? என் சம்பாத்தியத்துல வாங்கினது.”

மூன்றாவது: அண்ணி அம்மாவின் முகத்தைப் பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார், ‘என்னால் வர முடியாது’ என்று மருத்துவமனைக்குச் சொல்லிவிடுகிறார். வீடு முன்போலவே தானாக இயங்குகிறது.

இதை அவர் மறுபடி ஒருமுறை படித்தார்.

“இதை ஏன் எழுதினீங்க?”

“இதுதான் எழுதச் சுலபமா வந்துச்சு அண்ணி.”

“ஆமா. எனக்கும் அதுதான் சுலபம்” என்றார். “அதான் பயமா இருக்கு.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. போனை எடுத்து, “என் நம்பரைப் போடலாம் அண்ணி” என்றேன். நான்காம் பகுதியில் பொய்யாகக் கிடந்த வாக்கியம் இவ்வளவு தாமதமாக உண்மையானது. ‘உடனே’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

6

ஒவ்வொன்றாக மாற்றினோம். மாற்றுவதற்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி வருமாம். அண்ணி படிக்க, நான் தட்டினேன். கேஸ் போயிற்று. மளிகை போயிற்று. ரோபோவுக்கு அண்ணி ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தார், எனக்கு இன்றுதான் தெரியும். (என்ன பெயர் என்று எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார்.) மாத்திரை நேரத்தை மாற்றும்போது, “மதியத்துக்கு ரெண்டு தடவை அடிக்க விடுங்க. முதல் தடவை அத்தைக்குக் காதுல விழாது” என்றார். என் போன் புதுப்புதுச் செய்திகளால் துள்ளிக்கொண்டே இருந்தது. இந்தப் பகுதியை எழுதும்போது மட்டும் ஐந்து முறை நிறுத்தி எழுந்து போயிருக்கிறேன்.

நடுவில் அண்ணி பால்கனிக்குப் போய் மருத்துவமனைக்குப் பேசினார். “வர்றேன் மேடம். ஆமா, யோசிச்சிட்டேன்” என்றது கேட்டது. உள்ளே வந்து, “ம், அடுத்து?” என்றார்.

அடுத்து பூட்டு. அதுதான் கடைசி. உரிமையாளர் இடத்தில் என் நம்பர் ஏறியதும் அந்தப் பூட்டு வீட்டிலுள்ள அத்தனை பேரையும் தன் பட்டியலிலிருந்து அழித்துவிட்டது. ஒவ்வொருவரையும் புதிதாகச் சேர்க்க வேண்டுமாம். முதலில் அண்ணியின் நம்பரைத் தட்டினேன். திரையில் இரண்டு கட்டங்கள் வந்தன.

குடும்பம் (இந்த முகவரியில் நிரந்தரமாக வசிப்பவர்)

விருந்தினர் (எந்தத் தேதி வரை?)

மூன்றாவது கட்டம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

“என்ன போடட்டும் அண்ணி?”

“என்னைக் கேட்டா? வீடு இப்ப உங்க நம்பர்லதானே இருக்கு.”

“வாராவாரம் வருவீங்கள்ல?”

அண்ணி அந்த இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “போறதுக்கே இப்பத்தான் தம்பி வாய் வந்துச்சு. வர்றதைப் பத்தி இன்னும் நினைச்சே பாக்கல. பொய் சொல்ல வேண்டாம்னு பாக்குறேன்.”

அந்த நேரம் வாசலில் பூட்டு கீச்சிட்டது. அண்ணன். அவனும் அழிந்துபோனவர்களில் ஒருவன். மறுபடி மறுபடி அமுக்குகிறான். உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பினால் கதவு திறந்துவிடும். மூன்று பேரும் உள்ளேதான் இருக்கிறோம், யாரும் எழுந்திருக்கவில்லை. அம்மாகூட சாவியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணியையே பார்க்கிறார்.

அண்ணியின் போன் அடித்தது.

“கதவு திறக்கமாட்டேங்குது, அந்த நம்பரைச் சொல்லு” என்று அண்ணனின் குரல் கதவுக்கு வெளியிலிருந்தும் போனுக்குள்ளிருந்தும் சேர்ந்து வந்தது.

“எனக்கு வராதுங்க இனிமே” என்றார் அண்ணி. கோபமில்லாமல், ஒரு தகவலைச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

“என்னது? ஏன்? நீ எங்க இருக்க?”

அண்ணி போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். இப்போது என் போன் அடிக்கிறது. திரையில் மேலே அண்ணனின் பெயர், கீழே பாதி மறைந்தும் மறையாமலும் அந்த இரண்டு கட்டங்கள். குடும்பம் என்று தொட்டால் அவரை மறுபடி இழுத்துக் கட்டிப்போடுகிறேனா, தெரியவில்லை. விருந்தினர் என்று தொட்டால் நானே வெளியே அனுப்புகிறேனா, அதுவும் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் எது நல்லது என்று சிபாரிசு செய்கிற எனக்கு இந்த இரண்டில் ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை.

அதனால் வாசகரே, போனை உங்கள் பக்கம் நீட்டுகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள். அண்ணன் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டான். அண்ணி என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு இப்போது உங்களைப் பார்க்கிறார்.