காருக்குத்தான்

தெருவில் அந்த வெல்டருக்கு 'அடுத்த மாசம்' என்று பெயர். கார் எப்போது முடியும் என்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். நான்கு வருடமாகச் சொன்னான். குழாய், தகடு, சக்கரம் என்று உதிரியாகப் பெட்டிகளில் வந்து இறங்கும், வீட்டிலேயே நாம் பொருத்திச் சேர்த்துக்கொள்ள வேண்டிய, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய கார் அது. இன்ஜின் மட்டும் பெட்டியில் வராது. ஒரு பைக் இன்ஜினை நாமே தேடிக்கொள்ள வேண்டும். அதற்காக நம் ஆள் எங்கும் அலையவில்லை. மனைவியின் பைக்கைப் பிரித்துவிட்டான்.

அவள் அண்ணன் ஓட்டிவிட்டுக் கொடுத்த பெரிய, நாலு சிலிண்டர் பைக். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வந்து பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. பின்சீட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் கிளம்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். "மூணே மாசம். அப்புறம் கார்ல ஜம்முனு போவே பாரு," என்று சொல்லித்தான் ஸ்பேனரை எடுத்தான். அன்றிலிருந்து ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தாள். முதல் வருடம் சண்டை போட்டாள். அடுத்த வருடம் தன்மையாகச் சொல்லிப் பார்த்தாள். அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. அப்பாடா, சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான், மகா புத்திசாலி.

போன வாரம், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, தங்குவதற்கு ஓர் அறையும் பார்த்தாகிவிட்டது, திரும்பி வருகிற உத்தேசம் இல்லை. அவள் அழாமல் சொன்னதுதான் அவனைப் பயமுறுத்தியது. கெஞ்சிக் கூத்தாடி ஒன்றே ஒன்று கேட்டான். போகிற அன்று அந்தக் காரில் ஒரு ரவுண்டு. அவள் சரி என்றாள். ஓட்டிப் பார்த்தால் மனசு மாறிவிடுவாள் என்று நினைத்தான். நினைத்தான் என்ன, நம்பியேவிட்டான். ராப்பகலாக உட்கார்ந்து வேலையை முடித்தான்.

கடைசியாக ஆயில் வாங்கப் போனபோது, "காருக்கா, பைக்குக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். நான்கு வருடம் அவனை ஓட்டித் தள்ளிய மனிதர். நம் ஆள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "காருக்குத்தான்!" என்றான். இருப்பதிலேயே உசத்தியானதாகக் கேட்டு வாங்கி ஊற்றினான். ஷெட்டில் நிறுத்தியபடியே ஸ்டார்ட் செய்து பார்த்தபோது இன்ஜின் அருமையாக ஓடியது.

அவள் கிளம்பும் நாள் வந்தது. மத்தியானம் பையை வாசலில் வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தாள். ஸ்டார்ட் செய்ததும் அவள் முகம் மாறியது. தன் பைக்கின் சத்தம் அவளுக்குத் தெரியாதா? அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டைத் தாண்டி, இரண்டாவது கியர் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். இன்ஜின் கிடந்து கத்தியது. கார் மட்டும் ஊர்ந்தது.

"அடுத்த மாசம் வரட்டுமா?" என்று எதிர் மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

அவள் இன்ஜினை அணைத்தாள். "என்ன ஆயில் ஊத்துனீங்க?"

இறங்கி ஓடிப்போய் கேனை எடுத்துவந்து பெருமையாகக் காட்டினான்.

"இது கார் ஆயில்."

"ஆமா. கார்தானே இது?"

"இன்ஜின் பைக்கோடதுங்க. இதுல கிளட்ச் பிளேட்டும் இதே ஆயில்லதான் முங்கிக் கெடக்கும். கார் ஆயில்ல வழவழன்னு இருக்க என்னென்னமோ சேர்த்திருப்பாங்க. அதுல பிளேட் எப்படிப் பிடிக்கும்? வழுக்கத்தான் செய்யும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் அவனையே பார்த்தாள்.

"அத்தனை வருஷம் அதுக்கு ஆயில் மாத்துனது யாரு? ஊர்ல ஒருத்தரை விடாம போய்க் கேட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவள் கத்தவில்லை. கடைசி வார்த்தையில் குரல் மட்டும் உடைந்தது. அவனுக்கு அவமானமாக இருந்தது.

அவள் ஷெட்டுக்குள் போனாள். கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்த ஒரு கேனைத் தூக்கி, தூசியைத் துடைத்தாள். சீல் உடைக்காத பைக் ஆயில். "நீங்க வண்டியைப் பிரிக்கிறதுக்கு முந்தின வாரம் வாங்குனது," என்றாள். தினமும் காலால் தள்ளித்தான் அதை அவன் கதவுக்கு அண்டக்கொடுத்திருந்தான்.

அந்த இன்ஜினுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. காரை இரண்டு பேருமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உசத்தி ஆயிலை வடியவிட்டு, கிளட்சைத் திறந்து, பிளேட்டுகளை ஒவ்வொன்றாகக் கழட்டினார்கள். அவன் கழுவிக் கொடுக்கக் கொடுக்க, அவள் துடைத்து வரிசை மாறாமல் அடுக்கினாள். "அதை எடு", "இதைப் பிடிங்க" என்பதற்கு மேல் பேச்சில்லை. இடையில் ஒரு தடவை காரின் இரும்புச் சட்டத்தின் மூலையைத் தடவி, "வெல்டிங் நல்லா வந்திருக்கு," என்றாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் இந்த ஷெட்டில் அவளுக்கென்று ஒரு ஸ்டூல்கூடப் போட்டதில்லை. இப்போதும் அவள் டயர் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் ஊருக்குப் போகிற பஸ்ஸையே மறந்துவிட்டாள் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டான்.

சாயங்காலம் மறுபடி ஏறினார்கள். "இதைக் கொஞ்சம் பிடிங்க," என்று பையை அவன் மடியில் வைத்தாள். காருக்கு டிக்கி கிடையாது, அதனால் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இந்தத் தடவை கிளட்ச் கெட்டியாகப் பிடித்தது. கார் பறந்தது. மாடிக்காரர் வாயைத் திறந்தவர் மூடவில்லை. அவள் சிரித்தாள், வாய்விட்டு. அவள் சிரித்து எத்தனை காலமாகிவிட்டது! காற்றிரைச்சலில் அவன் கத்தினான்: "இனிமே எதுன்னாலும் உன்னைக் கேட்டுத்தான் செய்வேன்! சத்தியமா!"

பெரிய ரோட்டுக்கு வந்து பஸ் ஸ்டாப்பில் நிறுத்தினாள். அவன் மடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"காரை நீயே எடுத்துக்க," என்றான். "உன் இன்ஜின்தானே. எடுத்துட்டுப் போ."

"எனக்குப் பஸ் பழகிப்போச்சுங்க."

"இன்னிக்கு மத்தியானம் நல்லாத்தானே இருந்தோம்?"

"நல்லாத்தான் இருந்தோம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்படி ஒரு மத்தியானத்துக்குத்தான் நாலு வருஷம் காத்துக்கெடந்தேன். இப்ப என்கிட்ட ஒண்ணுமே மிச்சமில்ல."

பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பி, "சீக்கிரமே இன்னொரு தடவை ஆயிலை மாத்திடுங்க. பழசு கொஞ்சம் உள்ள ஒட்டியிருக்கும்," என்றாள். "பைக் ஆயில்னு கேட்டு வாங்குங்க."

பஸ் போன பிறகு, அவள் உட்கார்ந்திருந்த சீட்டில் கையை வைத்தபடி அழுதான். நடுரோட்டில் ஓர் ஆண்பிள்ளை அப்படி அழுவதை நாலு பேர் நின்று பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. பின்னால் கொஞ்சம் தள்ளி நின்ற அடுத்த பஸ் ஹாரன் அடித்தது. முன்னால் லாரி ஒன்று குறுக்கே நின்றது. பின்னால் எடுக்க ரிவர்ஸும் கிடையாது. இறங்கி, முன்பக்கம் போய், இரண்டு கையையும் கொடுத்துக் காரைப் பின்னால் தள்ளினான். அது அசையவில்லை. மத்தியானம் இரண்டு பேராகத் தள்ளியபோது இந்தக் கனம் தெரியவில்லை.