வெள்ளைத் துணி முடிச்சு

கன்னமா அது?

வேனிலிருந்து குதித்த பல் டாக்டர் நிவேதா ஆடிப்போனாள். ஒன்றரை வயது பூவிழியின் வலது கன்னம் பளபளவென்று வீங்கிக் கண்ணை முக்கால்வாசி மூடியிருந்தது. உடம்பு கொதித்தது.

"நேத்து சுண்டைக்கா அளவுதான் இருந்துச்சு டாக்டரம்மா," என்றாள் தாய் மலர்கொடி. உப்புப் பாத்தியிலிருந்து ஓடி வந்தவள். முழங்கால் வரை உப்பு பூத்திருந்தது.

நிவேதா டார்ச் அடித்தாள். மேல் வரிசைப் பற்கள் கறுத்துக் கரைந்திருந்தன.

சுனாமிக்கு அடுத்த மாசி மாதம், இதே மரக்காணம் உப்பளத்தில் முகாம் போட்டவள் அவள்தான். அவள் கல்லூரி வேன் தந்தது. மகளிர் குழு கொட்டகை போட்டு, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள கொளஞ்சியம்மாளை வைத்தது. பால் குடித்ததும் ஈறு துடைக்க, குழந்தைக்குக் குழந்தை வெள்ளைத் துணி கொடுத்தாள் நிவேதா.

"புட்டியில சர்க்கரைப் பால் குடுத்தியா?"

"அய்யோ, நீங்க சொன்ன அன்னிக்கே புட்டியைத் தூக்கிப் போட்டுட்டேன்."

நிவேதா கொட்டகைக்குள் நுழைந்தாள். வரிசையாகத் தூளிகள். ஒரு சிணுங்கல்கூட இல்லை. அதுதான் உறுத்தியது.

முதல் தூளியை விலக்கினாள். குழந்தையின் வாயில் வெள்ளைத் துணி முடிச்சு. அடுத்ததிலும் அப்படியே.

பிடுங்கிப் பிரித்தாள். சர்க்கரை!

"கொளஞ்சியம்மா, என்ன இது?"

"நீங்க குடுத்த துணிதான். முன்னல்லாம் பழைய சேலையில முடிஞ்சு வைப்போம். இப்ப வெந்நியில அலசி, சுத்தமாத்தான் வைக்கிறேன்." குரலில் பெருமை.

"சர்க்கரை யாரு வைக்கச் சொன்னது?"

"நல்லா கேட்டீங்க! இதுங்க எல்லாம் ஒண்ணா கத்துனா அம்மாக்காரிங்க பாத்தியில நிப்பாளுங்களா? மேஸ்திரிகிட்ட நீங்க வந்து பதில் சொல்வீங்களா?"

நிவேதா துணியை உதறிவிட்டு வெளியே வந்தாள்.

மலர்கொடி கையைப் பிடித்தாள். "பல்லப் புடுங்கிடுங்க டாக்டரம்மா. பால்பல்லுதானே, மொளைச்சிக்கும்."

"இங்க முடியாதும்மா. சீழ் கண்ணுக்கு ஏறுது. பாண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். ஏறு!"

வேன் சீறிக் கிளம்பியது. வழியெல்லாம் பூவிழி வீறிட்டாள்.

"அந்த முடிச்ச ஒரே வாட்டி வச்சா அடங்கிடுவா..." என்று இழுத்தாள் மலர்கொடி.

"வாயில எதுவும் வைக்கக் கூடாது. மயக்க மருந்து குடுப்பாங்க."

பெரிய முதலியார்சாவடி அருகே லாரிகள் வழிமறித்து நின்றன. டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்தினான். நகரவில்லை.

அழுகை நின்றது.

நிவேதா குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். மறுபடி சுண்டினாள். கால் அசையவில்லை. மூச்சு மேலோட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. வேனுக்குள் கண்ணால் துழாவினாள். பஞ்சு, பிரஷ், பிளாஸ்டிக் பல்செட். அவ்வளவுதான்.

"பூவிழி! இங்க பாரு! பூவிழி!"

மலர்கொடி பதறி அவள் கையைத் தடுத்தாள்.

"இப்பத்தான் தூங்கறா டாக்டரம்மா. எழுப்பாதீங்க."