அரை டேங்கில் நின்ற முள்

எங்கள் ஜீப்பின் டீசல் முள் நாலு மாதமாக அரை டேங்கில் படுத்துக் கிடந்தது. டேங்க் ததும்பினாலும் அரை, வறண்டாலும் அரை. என் வீட்டுக்காரர் நல்லமுத்துவுக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. அவரிடம்தான் குச்சி இருக்கிறதே!

தேயிலையைக் கவாத்து வெட்டும்போது விழும் கம்பில் நேரானதாகப் பொறுக்கி, தோல் சீவி, கத்தியால் நாலு வெட்டு போட்டு வைத்துக்கொள்வது எங்கள் எஸ்டேட் டிரைவர்களின் வழக்கம். டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டு எடுத்தால் நனைந்த வெட்டு எத்தனையோ அத்தனை கால் டேங்க் டீசல். இவர் அதை டாக்டர் காய்ச்சல் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு செய்வார். பார்க்கிற எனக்குத்தான் காய்ச்சல் வரும்.

போன வருஷம் லைசென்ஸ் புதுக்கப் போன இடத்தில் இவருக்குக் கண் தெரியவில்லை என்று வெளிச்சமாகிவிட்டது. முன்னால் நின்றவன் படித்ததை மனப்பாடம் பண்ணி ஒப்பித்திருக்கிறார். டாக்டர் வேறு எழுத்து அட்டையை மாட்டினார். அத்தோடு முப்பது வருஷ டிரைவர் உத்தியோகம் முடிந்தது. டீ ஃபாக்டரியில் டிரையர் முன்னால் பதினெட்டு வருஷம் வெந்துகொண்டிருந்த நான் ரிசார்ட் ஓட்டத்துக்கு எங்கள் ஜீப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார், மடியில் குச்சியோடு. கண் தெரியவில்லை என்பதை மட்டும் ஒரு நாளும் வாயால் ஒத்துக்கொண்டதில்லை.

போன மாதம் ரிசார்ட் கெஸ்டுகளோடு கிளம்பும்போது குச்சியை விட்டுப் பார்த்து, "ரெண்டு வெட்டு இருக்கு ராமலட்சுமி, தாராளமாப் போலாம்" என்றார். ரெண்டு வெட்டாம்! தலையாறு தாண்டி வண்டி விக்கி நின்றது. சாரல் மழையில் கெஸ்டுகள் காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துப் போட்டபடி ரெண்டு மணி நேரம் நின்றார்கள். ரிசார்ட்டின் மலையாளி மேனேஜர் ஏசுதாஸ் மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சேச்சி, இனி ஒரு தடவை வண்டி வழியில நின்னா நான் வேற டிரைவரை வைக்கும். பின்ன, முன்சீட்டு கெஸ்டுக்குள்ளதாக்கும். சேட்டன் அவ்விட உக்காரண்டாம்."

இந்த ஓட்டம் போனால் மறுபடி டிரையர் முன்னால் போய் நிற்க வேண்டும். என்னால் முடியாது. அதனால் முள் ஓடியாக வேண்டும், குச்சி வண்டியை விட்டு இறங்கியாக வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

மூணாறு டவுனில் மெக்கானிக் ஜெகன் எட்டிக்கூடப் பார்க்காமல், "மீட்டர் போச்சுக்கா" என்று புது மீட்டர் மாட்டினான். புதுசும் பழசு படுத்த இடத்திலேயே போய்ப் படுத்தது. "கம்பெனி பீஸுக்கா" என்று வேறு சொன்னான். அவன் மூஞ்சி.

டிரையரிலும் சூடு காட்டும் முள் நிற்கும். அப்போது ஃபிட்டர் செய்வதைப் பதினெட்டு வருஷம் சும்மாவா பார்த்துக்கொண்டு நின்றேன்? டிரைவர் சீட்டைத் தூக்கினால் அடியில் டேங்க். அதன் தலையில் வட்டத் தகடு, அதிலிருந்து மீட்டருக்கு ஒரு வயர். சாவியைப் போட்டுவிட்டு அந்த வயரைக் கழற்றினேன். முள் சடாரென்று கீழே விழுந்தது. வயர் நுனியை வண்டியின் இரும்பில் தொட்டேன். முள் ஃபுல்லுக்குத் துள்ளியது. ஆக மீட்டருக்கும் உயிர் இருக்கிறது, வயருக்கும் உயிர் இருக்கிறது. கோளாறு டேங்கின் வயிற்றுக்குள்.

"பீடியை அணைச்சிட்டுத் தள்ளி நில்லுங்க" என்று அவரை விரட்டிவிட்டு, பேட்டரி வயரைக் கழற்றி, தகட்டின் ஸ்குரூ அஞ்சையும் எடுத்தேன். டேங்க் யூனிட் வெளியே வந்தது. கம்பி நுனியில் ஒரு மிதவை. டீசலோடு அது ஏறி இறங்கும்போது மறுமுனையில் ஒரு தகட்டு நாக்கு கம்பிச்சுருள் மேல் உரசிக்கொண்டு நகரும். அந்தக் கணக்கைத்தான் முள் காட்டுகிறது. நாக்கு கரி பிடித்து நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது. மகள் விட்டுப்போன அழிரப்பரால் கரியைத் தேய்த்து எடுத்து, நாக்கை ஒரு மயிரளவு அழுத்தி வளைத்து மாட்டினேன். முள் எழுந்து முக்காலில் நின்றது. எஸ்டேட் லைன்வீட்டு வரிசைச் சனமே பார்க்க வந்தது. இவர் மட்டும், "எத்தனை நாளைக்குன்னு பாப்போம்" என்று உள்ளே போய்விட்டார்.

அஞ்சு நாள் ஓடியது. ஆறாம் நாள் காந்தளூருக்கு அஞ்சு கெஸ்டைக் கொண்டுபோய் விடும் ஓட்டம். அதற்கு முந்தின சாயங்காலம் முள் மறுபடி அரையில் போய்ப் படுத்தது. விடிந்ததும் விடியாததுமாக யூனிட்டைக் கழற்றினேன். பாதியில் எதுவோ பிடித்தது. கையை விட்டுத் துழாவி இழுத்தால் குச்சி! பச்சை வாடைகூடப் போகாத புதுக் கம்பு, நாலு வெட்டு, மிதவைக் கம்பிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

"இது என்னங்க?"

"குச்சி."

"அது தெரியுது. உள்ள எப்படிப் போச்சு?"

"கை தவறி விழுந்திருக்கும்."

"விழுந்துட்டு, மூடியையும் அதுவே மூடிக்கிச்சாக்கும்?"

தரையைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "முள்ளு ஓடுச்சுன்னா எனக்கு வண்டில என்ன சோலி இருக்கு? வீட்ல ஒத்தையில உக்காந்து என்னத்தப் பண்ண?"

எனக்கு அழுகைதான் வந்தது. ஆத்திரம் அதை முந்திக்கொண்டது. "அதுக்கு என் பொழப்புல குச்சிய விடுவீங்களா? இனிமே டேங்குல கைய வச்சீங்க, உங்களையே உள்ள போட்டு மூடிருவேன் பாத்துக்கோங்க!" லைன் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும். யூனிட்டை மாட்டினேன், டீசல் அடித்தேன், அவரை வாசலில் நிறுத்திவிட்டுக் கிளம்பினேன்.

முன்சீட்டில் ஒரு சென்னைக்காரர் போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டே வந்தார். நான் ரோட்டைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். மறையூர் தாண்டிக் காந்தளூர் ஏற்றத்தில் அது அரைக்கு வந்தது. அய்யோ, படுத்துருமோ? ஒரு வளைவு, ரெண்டு வளைவு. மூணாவது வளைவில் அரையைத் தாண்டிக் கீழே இறங்கியது. டீசல் குறைவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட டிரைவர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கெஸ்டுகளை ரிசார்ட்டின் காந்தளூர் கிளையில் இறக்கினதும் ஏசுதாஸுக்குப் போன் போட்டேன். "வண்டி நிக்கல சார்" என்றேன். "அப்போ நாளைக்கும் சேச்சி வா" என்றார்.

காலி வண்டியோடு இறங்கி மறையூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தால், மனுஷன் நிற்கிறார்! கையில் மஞ்சள் பை, பைக்குள் எண்ணெய் கேன், கேன் நிறைய டீசல். கண்டக்டரிடம் புண்ணாக்கு என்று சொல்லி பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறார். நான் வழியில் நின்றுபோவேன் என்று காலையிலிருந்து காவல். கக்கத்தில் குச்சி.

"முள்ளு எங்க நிக்குது?"

"அரைக்குக் கொஞ்சம் கீழ."

நம்பவில்லை. மூடியைத் திறந்து குச்சியை விட்டு எடுத்தார். வெயிலுக்கு நேரே பிடித்தார். மூக்கிடம் கொண்டுவந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் குச்சியை என்னிடம் நீட்டினார்.

"எனக்குத் தெரியல புள்ள. நீயே பாத்துச் சொல்லு."

ரெண்டாவது வெட்டுக்கு அரை விரல் கீழே வரை ஈரம் இருந்தது.

"அரைக்குக் கொஞ்சம் கீழ" என்றேன். "ஏறுங்க. முன்சீட்டு காலியாத்தான கெடக்கு."

ஏறி உட்கார்ந்தார். மூணாறு வரும்வரை வளைவுக்கு வளைவு, "இப்ப எங்க நிக்குது?" என்று என் உயிரை எடுத்தார். நானும் முள்ளைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன்.