சண்முகத்தாய்க்கு ஒரு மாப்பிள்ளை

வக்கீல் சொல்லி முடிக்கும் முன்பே தவசிமுத்து எழுந்துவிட்டான். "அந்தம்மா வேற கல்யாணம் பண்ணிக்கிட்டா ஜீவனாம்சம் நின்னுடும்" என்ற பாதியே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. மீதியை வக்கீல் மின்விசிறியிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் ராஜபாளையம் பஸ் ஏறியபோது இருந்த சந்தோஷம், மில்லில் வேலை நிரந்தரமான அன்றுகூட அவனுக்கு இருந்ததில்லை.

அவனும் சண்முகத்தாயும் சேர்ந்தே மனுப் போட்டுப் பிரிந்தவர்கள். அடிதடி எதுவும் இல்லை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு ஸ்டேஷன் பாடும் இரண்டு ரேடியோக்கள் போல இருந்தார்கள், அவ்வளவுதான். அவளுக்கும் மகள் மாரிக்கும் சேர்த்து விதித்ததை மாதாமாதம் கோர்ட்டுக்கே வந்து கட்டினான். சம்பளத்தில் பெரிய துண்டு அதற்குப் போனது. அன்றைக்குப் பணம் வாங்க வரும் அம்மாவோடு மாரியும் வருவாள். எதிர்க்கடையில் அவளுக்கு ஒரு நன்னாரி சர்பத் வாங்கித் தருவான். அவள் அதைக் குடித்து முடிக்கிற நேரம்தான் அவனுக்கு மகள்.

ஆக, விட்டுப்போன பெண்டாட்டிக்கு மாப்பிள்ளை தேடக் கிளம்பினான். ஊரில் யாரும் செய்யாத வேலை. ஆனாலும் முழுமூச்சாகச் செய்தான். ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் ஃபிட்டராக இருந்த சேதுபதி அகப்பட்டார். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. டீக்கடையில் அவரை உட்காரவைத்து அளந்தான்.

"அவளுக்குக் கோவமே வராது. வந்தாலும் செத்த நேரந்தான். காணத் தொவையல் அரைச்சா தெருவே மணக்கும். பேண்டேஜ் துணி நெய்யுற தறியில நின்னா ரெண்டு ஆளு வேலை பாப்பா."

சேதுபதி கிளாஸைக் கீழே வைத்தார். "இம்புட்டு நல்லவியள ஏன் அண்ணாச்சி விட்டிய?"

சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பது தவசிமுத்துவுக்கே அப்போதுதான் உறைத்தது.

"டீ ஆறுது, குடிங்க" என்றான்.

அடுத்த முறை கோர்ட் வராந்தாவில் அவளிடம் தானே விஷயத்தை உடைத்தான். சண்முகத்தாய் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஜீவனாம்சத்த மிச்சம் பண்ணப் பாக்கியளாக்கும்?"

"ஆமா" என்றான். "ஆனா ஆளு நல்ல ஆளு."

"குடிப்பாரா?"

"நாலு தடவ கூடவே இருந்து பாத்துட்டேன். டீதான்."

அவள் சிரித்துவிட்டாள். "கூட இருந்த காலத்துல என்னயப் பத்தி இம்புட்டு யோசிச்சதில்லையே!"

எண்பத்தாறு ஆவணியில் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அய்யனார் கோவிலில் சேதுபதி அவளுக்குத் தாலி கட்டினார். தவசிமுத்து போகக்கூடாது என்றுதான் இருந்தான், கால் கேட்கவில்லை. தூரத்தில் ஒரு பாறையருகே நின்றான். ஆற்றைக் கடக்கும்போது சேதுபதி மாரியைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவள் அவருடைய முடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் இனி கோர்ட் இல்லை, சர்பத் இல்லை. தன் கையாலேயே மகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று நினைத்தான்.

ஜீவனாம்சத்தை நிறுத்தச் சொல்லும் மனுவில் கையெழுத்துப் போட வக்கீலிடம் போனபோது, பேனாவைத் திறக்காமலே கேட்டான். "இனிமே ஒண்ணும் கட்ட வேண்டாம்ல சார்?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்கே சொன்னேன், நீதான் பாதியில எந்திரிச்சு ஓடுன. அந்தம்மாவுக்கு உள்ளதுதான் நிக்கும். பிள்ளைக்கு உள்ளது நிக்காது. அவுங்க யாரக் கட்டுனாலும் பிள்ளைக்கு அப்பன் நீதானய்யா. அது மேஜராகுற வரைக்கும் கட்டணும்."

"நெசமாவா சார்?"

"சட்டம்யா. அலைய வேண்டாம்னா மணியார்டர்ல அனுப்பு."

"வேண்டாம் சார். நானே கொண்டாந்து கட்டுதேன்."

பணம் கட்டச் சொன்னதற்கு இப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்த ஆளை வக்கீல் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த மாதம் சர்பத் கடை திறக்கும்போதே போய்விட்டான். பஸ்ஸிலிருந்து மூன்று பேரும் இறங்கினார்கள். மாரி மட்டும் ரோட்டைக் கடந்து ஓடிவந்தாள். சேதுபதியும் சண்முகத்தாயும் கோர்ட் வாசலிலேயே நின்று, சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை அவசரமில்லாமல் படித்தார்கள்.

மாரி பெஞ்சில் ஏறி உட்கார்ந்து சர்பத்தில் ஒரு மடக்குக் குடித்தாள். கிளாஸை வெயிலுக்கு நேரே தூக்கி, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். பிறகு உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டாள்.